பச்சை எடை

பால் பொங்கி மேலே வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு நிமிர்ந்த பெரியவள், சமையலறை ஜன்னல் வழியாகப் பின்பக்கத்தைப் பார்த்தாள். புல்லைக் காணோம். நேற்றுச் சாயங்காலம்வரை இடுப்பு உயரத்துக்கு நின்றுகொண்டிருந்த புல். இப்போது அந்த இடத்தில் வாடகை நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஒன்றில் அப்பாவின் பழைய சிநேகிதர் ஒருவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, காகிதக் கோப்பையை ஊதி ஊதி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அவளுக்குக் கொஞ்ச நேரம் எதுவும் ஓடவில்லை. பல நாளாக அரைத் தூக்கம் தூங்கி, விடியற்காலையில் அப்பா போனதிலிருந்து அழுது வீங்கின கண். வேறு வீட்டு ஜன்னல் வழியாகப் பார்க்கிறோமோ என்றுகூட ஒரு சந்தேகம் வந்தது. பிறகு செங்கல் வரம்பு கண்ணில் பட்டது. ஒரு கார் நிறுத்துகிற அளவு இடத்தைச் சுற்றி அப்பா தன் கையால் பதித்த செங்கல். வரம்பு அப்படியே இருந்தது. உள்ளே கட்டை கட்டையாகப் புல்லின் அடித்தாள் நீட்டிக்கொண்டு, சவரம் சரியாகச் செய்யாத கன்னம் மாதிரி தரை தெரிந்தது.

"அத்தை, பின்னாடி புல்லை யாரு வெட்டினது?"

அத்தை டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு நேர் இளையவள். காலையில் அண்ணன் முகத்தைப் பார்த்து ஒரு பாட்டம் அழுதுவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தவள்தான். நாற்காலிக்கு ஆள் அனுப்பியது, வண்டிக்குச் சொன்னது, யார் யாருக்குப் போன் போகவேண்டும் என்று பார்த்தது எல்லாம் அவள். வேலை நின்றால் அழுகை வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் வேலையை நிறுத்தவில்லை.

"சின்னவன்தான்," என்றாள். "வந்து எறங்கினதுலேருந்து வாசலுக்கும் பின்பக்கத்துக்கும் நடையா நடந்துட்டு இருந்தான். உள்ள வந்து அப்பா முகத்தைப் பாருடான்னா, பாக்கறேன் பாக்கறேன்னான். அப்புறம் பாத்தா அரிவாளை எடுத்துட்டு மடமடன்னு அறுக்க ஆரம்பிச்சுட்டான். நல்லதாப் போச்சு. வர்றவங்க எங்க உக்காருவாங்க?"

"அறுத்த புல்லு எங்க?"

"இப்பப் போய் புல்லைப் பத்தி என்னடி பேச்சு? டீயை வடிகட்டு, ஆறிடப்போகுது."

பெரியவள் டீயை வடிகட்டினாள். கை பாட்டுக்கு வேலை செய்தது.

"புல்லை அறுத்துடு" என்று அப்பா இந்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் சாதாரணமாகச் சொன்னார், பிறகு கெஞ்சலாகச் சொன்னார், நேற்றுச் சாயங்காலம் குரல் வராமல் விரலை ஆட்டிச் சொன்னார். அவளும் ஒவ்வொரு தடவையும் நாளைக்கு என்றாள். அவரைத் தனியாக விட்டுவிட்டுப் பின்பக்கம் போக அவளுக்கு மனம் வரவில்லை. இருமல் வந்தால் நிமிர்த்தி உட்காரவைக்க ஆள் வேண்டும். நேற்று "காலைல முதல் வேலையா அறுத்துடறேம்ப்பா" என்று சொன்னபோது அவர் உதடு அசைந்தது. அவள் காதைக் கொண்டுபோனாள். "பச்சை எடை. மறந்துடாத," என்றார். பெற்ற மகளிடம் கடைசியாகச் சொல்லிவிட்டுப் போன வார்த்தை அது. இதை வேறு யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள்.

அப்பாவைக் கணக்கு வாத்தியார் என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். மண் கெட்டுப்போனால் புல் என்ன ஆகும், கெட்ட புல்லைத் தின்கிற பிராணி என்ன ஆகும் என்பதைச் சமன்பாடுகளாக எழுதிப் பார்ப்பது அவர் வேலை. ஆய்வுக்கூடம் அவருக்கு ஓய்வு கொடுத்து அனுப்பியது, அவர் வேலைக்கு ஓய்வு கொடுக்கவில்லை. வீட்டு முன்னறையில் கணினியை வைத்துக்கொண்டு அதையேதான் செய்துகொண்டிருந்தார். திரையில் மூன்று கோடுகள் ஓடும். மண்ணில் இருக்கிற நஞ்சு ஒரு கோடு, புல் ஒரு கோடு, பிராணி ஒரு கோடு. "மண்ணு, புல்லு, முயலு. மூணு பேர் குடும்பம். ஒருத்தர் தலைவலி அடுத்தவருக்கு வந்துடும்," என்பார். முயலின் கோடு சில சமயம் தள்ளாடித் தள்ளாடி ஓரிடத்தில் நிலைத்துவிடும். சில சமயம் தரையைத் தொட்டுவிடும், அப்புறம் எழுந்திருக்காது.

நிலைக்குமா தொடுமா என்பது பெரும்பாலும் ஒரே ஒரு எண் கையில் இருந்தது. ஒரு பருவத்தில் புல் மண்ணிலிருந்து எவ்வளவு நஞ்சை இழுத்துக்கொள்கிறது என்ற எண். மற்றவர்கள் அதை எங்கோ யாரோ எழுதின கட்டுரையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். அப்பா மாட்டார். தெருமுனையில் பேட்டரி ஆலை ஒன்று மூடிக் கிடக்கிறது. அது விட்டுப்போன நஞ்சு தெரு முழுக்க, இந்த வீட்டுப் பின்பக்கம்வரை மண்ணில் இறங்கியிருக்கிறது. வீட்டை விற்றுவிட்டுப் போகலாம் என்று எல்லோரும் சொன்னபோது அப்பா செங்கல் வாங்கி வந்து வரம்பு கட்டினார். பருவத்துக்குப் பருவம் புல்லை வளரவிட்டு, பூ விடுவதற்கு முன் அறுத்து, அறுத்த ஈரத்தோடு எடை பார்ப்பார். அதுதான் பச்சை எடை. ஒரு பிடியை உறையில் போட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார், மிச்சத்தை அவர்களே வண்டி வைத்து எடுத்துப் போவார்கள். ஓர் இலைகூட அந்த மண்ணில் திரும்ப விழக்கூடாது, ஒரு வாய்கூட எந்தப் பிராணிக்கும் போகக்கூடாது. பெற்ற பிள்ளைகளைக்கூட அவர் அப்படிக் காவல் காத்ததில்லை.

இந்தப் பருவத்து அறுப்போடு அந்த எண்ணுக்கான கணக்கு முடிகிறது. ஆலைக்குப் பின்னால் வேலி போட்டு வைத்திருக்கிற வெட்டவெளியில் ஆடு மேய்க்க விடலாமா என்று ஊர்க்காரர்கள் அவரிடம் கேட்டு வைத்திருக்கிறார்கள். அப்பா பதில் சொல்லவேண்டியிருந்தது.

டீத் தட்டை அத்தை கையில் கொடுத்துவிட்டுப் பெரியவள் பின்கதவைத் திறந்தாள்.

சின்னவன் குழாயடியில் குந்தி அரிவாளைக் கழுவிக்கொண்டிருந்தான். தூர ஊரில் லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை அவனுக்கு. அப்பாவுக்கு ரொம்ப முடியவில்லை என்று கேட்டு ராத்திரியெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்திருந்தான். சட்டையெல்லாம் பச்சைக் கறை. அவளைப் பார்த்ததும் எழுந்து, ஏதோ நல்ல காரியம் செய்தவன்போல முகத்தை வைத்துக்கொண்டான்.

"சுத்தம் பண்ணிட்டேங்க்கா. இந்தக் காட்டை எப்படித்தான் வெச்சிருந்தீங்களோ. பாம்பு இருந்தாக்கூடத் தெரியாது."

"புல்லு எங்கடா?"

"பக்கத்துல, முயல் மாமா வீட்டுல. குப்பைல போடுவானேன்னு ஒரு சாக்குல அமுக்கிக் கொண்டுபோய் வெச்சேன். அவரு வாசல்ல நாற்காலி எறக்கிட்டு இருந்தாரு, அதனால நானே கூண்டுக்குள்ளயும் கொஞ்சம் போட்டுட்டு வந்தேன். பாவம், காலைலேருந்து யாரும் அதுங்களைக் கவனிக்கல போல." கொஞ்சம் நிறுத்தி, "சின்ன வயசுல நான்தானே போடுவேன்," என்றான்.

பெரியவள் அவனை அறையலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். அறைவதற்கும் தெம்பு வேண்டும்.

"அது அப்பாவோட புல்லுடா."

"எல்லாம் அப்பாவோடதுதான்."

"இல்ல. அது அவரோட கணக்கு. எடை போட்டிருக்கணும். ஒரு முயலும் வாய் வைக்கக்கூடாது. அது விஷப் புல்லுடா."

சின்னவன் அரிவாளைக் கீழே வைத்தான். அவன் வீட்டை விட்டுப் போன பிறகுதான் செங்கல் வரம்பு வந்தது. போனில் பேசும்போது அப்பா மண்ணு, புல்லு, முயலு என்று ஆரம்பிப்பார். இவன் "சரிப்பா, சாப்டீங்களா?" என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிடுவான். யாரும் யாரையும் குறை சொல்வதற்கில்லை.

"முயலெல்லாம் செத்துடுமா?" என்றான்.

"வா, மொதல்ல."

வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தபோது ஆய்வுக்கூடத்துப் பெண் வாசலில் இறங்கினாள். அப்பாவிடம் வேலை பழகினவள், இப்போது அவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள். வாரத்துக்கு ஒருமுறை வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவரோடு கோடுகளைப் பற்றிச் சண்டை போடுவாள். பெரியவளைப் பார்த்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பெரியவள்தான் பேசினாள். "புல்லை அறுத்துட்டாங்க. எடை பாக்கல. பக்கத்து வீட்டு முயலுக்குக் கொஞ்சம் போயிடுச்சு."

அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்தது. "ஐயோ, அதையெல்லாம் இப்ப ஏன் நினைக்கறீங்க? விடுங்க. இந்தப் பருவத்துக்கு மட்டும் பழைய எடையெல்லாத்துக்கும் சராசரி போட்டுக்கறேன். பெரிய வித்தியாசம் வராது."

"அப்பா போடமாட்டாரு."

"சார் போடமாட்டாரு," என்று அவளும் ஒப்புக்கொண்டாள்.

சராசரி என்ற வார்த்தையே அப்பாவுக்கு ஆகாது. சராசரி அளவுக்குச் செருப்பு தைத்தால் ஊரில் ஒருத்தன் காலுக்கும் சேராது என்பார். இந்தப் பெண்ணும் அதை எத்தனையோ தடவை வாங்கிக் கட்டிக்கொண்டவள்தான். இப்போது பெரியவளுக்காக, பெரியவளின் வீங்கின கண்ணுக்காக அதைச் சொல்கிறாள். அது புரிந்தும் பெரியவளுக்கு எரிச்சல் வந்தது. மனிதர் முன்னறையில் படுத்துக்கிடக்கிறார், இன்னும் எடுக்கக்கூட இல்லை, அதற்குள் அவர் இடத்தில் சராசரியைப் போட்டுவிடுவார்களாம்.

"இருக்கறதை எடை போட்டுத் தர்றேன். நீங்க உள்ள போய் அவரைப் பாருங்க," என்றாள்.

"எடை பாக்கும்போதே ஒரு பிடி எடுத்து உறைல போட்டுடுங்க. ரெண்டும் ஒரே சமயத்துல நடந்தாப் போதும், வாடினாலும் கணக்குப் பண்ணிக்கலாம்," என்றாள் அந்தப் பெண். பையைத் துழாவி ஒரு காகித உறையை எடுத்துக் கொடுத்தாள். அழுதுகொண்டேதான் கொடுத்தாள்.

பக்கத்து வீட்டுப் பின்பக்கம் முழுக்கக் கூண்டு. முயல்காரர் பல வருஷத்துக்கு முன்பே வேலையிலிருந்து நின்றுவிட்டு, பொழுதுபோகாமல் ஒரு ஜோடி வாங்கினார். முயல்களுக்கு அப்படிப் பொழுது போகாமல் இல்லை, பெருகிவிட்டன. அப்பாவுக்கும் அவருக்கும் வேலிக்கு மேலாகத் தினமும் வாய்ச்சண்டை. கணக்கில் முயலுக்குக் காது கிடையாது, வால் கிடையாது, ஓர் எழுத்துதான் என்று அப்பா ஒருநாள் விளக்கப்போக, "என் முயலை எழுத்தாக்கிட்டாரே" என்று அவர் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆனால் அப்பாவின் புல் பக்கம் மட்டும் அவர் போகமாட்டார். அதில் கைவைத்தால் சிநேகிதம் போய்விடும் என்று தெரியும்.

சாக்கு கூண்டு ஓரமாக வாய் திறந்து சாய்ந்திருந்தது. முக்கால்வாசி அப்படியே இருந்ததைப் பார்த்ததும் பெரியவளுக்கு மூச்சு வந்தது. முதல் கூண்டுக்குள் ஒரு கொழுத்த வெள்ளை முயல், நீளமான புல் ஒன்றை வாயில் விட்டுக்கொண்டு, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. அவசரமே இல்லை அதற்கு.

பெரியவள் கூண்டுக் கதவைத் திறந்து புல்லின் மறுமுனையைப் பிடித்து இழுத்தாள். முயல் விடவில்லை. இவளும் விடவில்லை. தகப்பன் செத்த அன்று, துக்கம் கேட்க வருகிறவர்களை எல்லாம் விட்டுவிட்டு, ஒரு முயலோடு புல்லுக்கு இழுபறி. அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. புல் அறுந்து அவள் கையில் பாதி, அதன் வாயில் பாதி நின்றது.

சின்னவன் அடுத்தடுத்த கூண்டுகளில் கையை விட்டு வழித்து வழித்துச் சாக்கில் போட்டான். ஒவ்வொரு கூண்டிலும் ஒரு கை அளவு இருந்தது. அதற்குப் பிறகு கீழே மண்டியிட்டு, வரும் வழியில் சிந்தினதை ஒவ்வொரு தாளாகப் பொறுக்க ஆரம்பித்தான். கூண்டிலிருந்து வேலிவரைக்கும் பொறுக்கினான். வேறு புல்லும் அதில் கலந்திருந்தது. அதை எடுத்துப் பார்த்து, இது இல்லை என்று தள்ளி வைத்தான். நட்டும் போல்ட்டும் பிரிக்கிற கை அது.

"போதும்டா," என்றாள் பெரியவள்.

"இரு அக்கா. இன்னும் இருக்கு."

"போதும், எழுந்திரு."

அவன் எழுந்திருக்கவில்லை. தலையைத் தூக்காமலே பேசினான். "எனக்கு உள்ள போக முடியலக்கா. போன மாசம் வந்தப்போ உக்காந்து பேசினாரு. இப்ப வாசல்லேருந்து பாத்தேன், கால் மட்டும் தெரிஞ்சுது. அந்தக் காலு அவரோட கால் மாதிரியே இல்ல. அதான் ஏதாவது வேலை பண்ணலாம்னு பின்னாடி போனேன். பண்ணின ஒரு வேலையும் இப்படி ஆயிடுச்சு."

பெரியவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளும் அந்தக் கால் இளைப்பதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள், தினமும். தினமும் பார்த்ததால் அவளுக்கு அது அந்நியமாகவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அவன் முடியில் ஒட்டியிருந்த ஒரு புல்லை எடுத்துச் சாக்கில் போட்டாள்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. முயல்காரர் வந்து நின்றார். சாக்கைப் பார்த்தார், திறந்து கிடந்த கூண்டுகளைப் பார்த்தார், செங்கல் வரம்புக்குள் போட்டிருந்த நாற்காலிகளை வேலிக்கு மேலாகப் பார்த்தார். அவருக்கு யாரும் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"தின்னுடுச்சா?" என்றார்.

"கொஞ்சம். மாமா, மன்னிச்சுடுங்க. இவனுக்குத் தெரியாது."

முயல்காரர் வெள்ளை முயலைத் தூக்கி மார்போடு வைத்துக்கொண்டார். அது இன்னும் மென்றுகொண்டிருந்தது. "ஏதாவது ஆகுமா இதுக்கு?"

"ஒரு வேளைக்கு ஒண்ணும் ஆகாது. அப்பா சொல்லுவாரு, இந்த விஷத்துக்கு அவசரமே கிடையாதுன்னு. தினம் தினம் தின்னாத்தான் கணக்கு."

"ஆமா, சொல்லுவான்." முயலின் காதை நீவினார். "வேலி ஓரமா நின்னுட்டு இதையே எத்தனை தடவை சொல்லியிருக்கான். இனிமே யாரு கூட நான் சண்டை போடறது?"

சின்னவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "இதுங்க தின்னுட்டதை எப்படிக்கா கணக்குல சேர்ப்பே? அது போனது போனதுதானே?"

பெரியவள் சாக்கின் வாயைச் சுருட்டிக் கட்டினாள். அப்பாவின் சமன்பாட்டில் புல்லிலிருந்து கழிக்கிற ஒரு தொகை உண்டு. முயல் தின்றது என்று அவர் அதைச் சுட்டிக் காட்டியிருக்கிறார். திரையில் பார்த்துப் பார்த்து அவளுக்கு அந்த இடம்கூட மனப்பாடம்.

"முயலு தின்னதுன்னு எழுதச் சொல்றேன்," என்றாள். "அதுக்குன்னு அவர் இடம் விட்டு வெச்சிருக்காரு."

அத்தையின் குரல் வேலிக்கு அப்பாலிருந்து வந்தது. "ரெண்டு பேரும் எங்கடி போய்த் தொலைஞ்சீங்க? வண்டி வந்தாச்சு."

சாக்கைச் சின்னவன் தூக்கிக்கொண்டான். எங்கே வைப்பது என்று கேட்டான். பின்பக்கம் வைத்தால் யாராவது நல்லெண்ணத்தில் வேறேதாவது செய்துவிடுவார்கள் என்று அவளுக்குப் பயமாக இருந்தது. அப்பா கட்டிலுக்கு அடியில் வை என்றாள். சொன்ன பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் சாக்கோடு வாசற்படியில் நின்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனான். அவள் பின்னாலேயே போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து முன்னறையிலிருந்து அவன் அழுகிற சத்தம் கேட்டது. கூட்டம் அவனுக்கு வழிவிட்டு ஒதுங்கியது. அத்தை, இவ்வளவு நேரம் ஓடிக்கொண்டிருந்தவள், நின்ற இடத்திலேயே சுவரில் சாய்ந்துகொண்டாள்.

அப்புறம் நடந்ததெல்லாம் எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். தூக்கினார்கள். தூக்கின நாலு பேரில் ஒருவர், மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "ஒண்ணுமே கனமில்லையே" என்றார். பெரியவளுக்கு அது தெரிந்த விஷயம். இந்த வீட்டில் அந்தக் கனத்தை நன்றாக அறிந்தவள் அவள்தான்.

மருந்தின் அளவு உடம்பின் எடையைப் பொறுத்தது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். வாராவாரம் எடை வேண்டும். அப்பாவால் நிற்க முடிந்தவரை நின்றார். நிற்க முடியாமல் போன வாரம், பெரியவள் எடை இயந்திரத்தைக் கட்டிலருகே வைத்துக்கொண்டு விழித்தாள். அவர்தான் வழி சொன்னார். "மொதல்ல நீ மட்டும் ஏறு. அப்புறம் என்னைத் தூக்கிட்டு ஏறு. பெரிசுலேருந்து சின்னதைக் கழிச்சுடு." அவளுக்குப் பயமாக இருந்தது. தூக்கிப் பார்த்தபோது அப்படியொன்றும் பயப்படுகிற கனமில்லை. அதுதான் அவளை உலுக்கியது. அவர் அவள் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டு, அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து எண்ணைப் படித்து, அவள் வாய்க்குள் முணுமுணுக்கும் முன்னாலேயே கழித்துச் சொல்லிவிடுவார். "போன வாரத்துக்கு இந்த வாரம் ஒரு பூனைக்குட்டி எறங்கிப் போயிருக்கு," என்பார். "கோடு சரியாத்தான் வருது." அவள் திட்டுவாள். திட்டிக்கொண்டே கட்டிலில் இறக்குவாள். ஒவ்வொரு தடவையும் இறக்குவது தூக்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

போய்த் திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வந்தவர்களெல்லாம் கலைந்துவிட்டார்கள். நாற்காலிக்காரர் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எடுத்துப் போய்விட்டார். செங்கல் வரம்புக்குள் நாற்காலிக் கால் பதிந்த குழிகள் மட்டும் இருந்தன. முயல்காரர் யாரிடமும் சொல்லாமல் வந்து, அங்கே சிந்திக் கிடந்த தாள்களைக் கூட்டி ஒரு காகிதத்தில் மடித்து, சமையலறை மேடையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அத்தை குளித்துவிட்டு உள்ளறையில் படுத்துவிட்டாள். படுத்த மாத்திரத்தில் குறட்டை விட்டாள். அவளுக்கும் வயதாகிறது.

பெரியவளுக்குக் காலெல்லாம் இற்றுப்போயிருந்தது. குளித்து ஈரத் தலையோடு முன்னறைக்கு வந்தாள். கட்டிலில் விரிப்பை எடுத்துவிட்டிருந்தார்கள். மெத்தையில் நடுவே ஒரு பள்ளம். கணினியின் மேல் யாரோ துண்டு போட்டு மூடியிருந்தார்கள், அதையும் துக்கம் கேட்க வந்த சொந்தமாக நினைத்தார்களோ என்னவோ. சாக்கு கட்டிலுக்கு அடியில் வைத்த இடத்தில் இருந்தது. பக்கத்தில் எடை இயந்திரம்.

முயல்காரர் வைத்துவிட்டுப் போன காகிதத்தைப் பிரித்து அதையும் சாக்கில் சேர்த்தாள். ஒரு பிடி எடுத்து உறையில் போட்டு, நாக்கால் நனைத்து ஒட்டினாள். புல் கொஞ்சம் துவண்டிருந்தது, வாசனை மட்டும் போகவில்லை. உறையைத் திரும்பச் சாக்கின் வாய்க்குள்ளேயே செருகினாள், அந்தப் பிடியும் எடையில் சேரவேண்டுமே என்று. அப்பா இருந்திருந்தால் அதை முதலில் சொல்லியிருப்பார்.

சமையலறையில் சின்னவன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். "அக்கா, நான் வந்து தூக்கட்டுமா?" என்றான்.

"வேணாம். நான் பாத்துக்கறேன்."

எடை இயந்திரத்தைக் காலால் தள்ளிச் சமமான தரையில் வைத்தாள். குனிந்து, ஒரு கையைச் சாக்கின் அடியிலும் ஒரு கையை நடுவிலும் கொடுத்து, முதுகுக்கு நோகாமல், பழகின விதத்தில் தூக்கினாள். மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு ஏறி நின்றாள். சாக்கின் ஈரம் சட்டையில் இறங்கியது. கீழே எண்கள் ஓடி, தடுமாறி, ஓரிடத்தில் நின்றன. சாக்கு மறைத்ததால் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துக் குனிந்து படித்தாள்.

படித்த பிறகுதான் நினைவு வந்தது. முதலில் தான் மட்டும் ஏறியிருக்க வேண்டும். இந்த வாரம் தன் எடை எவ்வளவு என்று அவளுக்குத் தெரியாது. போன வாரத்து எண்ணைப் போட்டால் தப்பாகிவிடும், ராத்தூக்கமில்லாமல் அவளும்தான் இளைத்திருந்தாள். இப்போது சாக்கைக் கீழே வைத்துவிட்டு, வெறுங்கையோடு ஏறி நிற்கவேண்டும். அப்போதுதான் கழிக்க முடியும்.

"எவ்வளவுக்கா?" என்று சின்னவன் உள்ளேயிருந்து கேட்டான்.

"இரு, சொல்றேன்," என்றாள்.

குழாய்த் தண்ணீர் நின்றது. அவன் காத்திருப்பது தெரிந்தது. பெரியவள் சாக்கை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றி, தோளில் சாய்த்துக்கொண்டு, அப்படியே நின்றாள்.